பெட்டியிலிருந்த கத்தி



சென்ற மாதம் ஒரு காலைப் பூசைக்குப் பிறகு, நம் பங்கைச் சேர்ந்த விதவைத் தாயார் ஒருவர் கோவில் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, ஒரு சந்தேகம் கேட்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல, பட்டப்பகலில், நாலுபேர் போய்வருகிற இடத்தில் கேட்டது. இதை வாரத்தாளில் எழுதலாமா என்று பிறகு நான் கேட்டபோது, "பேர் போடாமல் எழுதுங்கள் சுவாமி, இன்னும் யாருக்காவது இதே குழப்பம் இருக்கும்" என்றார். நம் பங்கில் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிற வீடுகள் பல இருக்கின்றன. ஆதலால் எந்த வீடு என்று தேடிக்கொண்டு போகவேண்டாம்.

அவர் கேட்டது ஒரு காய்கறி நறுக்கும் கத்தியைப் பற்றி. கத்திக்கெல்லாம் ஒரு பிரசங்கமா என்று சிரிக்காதேயுங்கள். கேட்டவுடன் நானும் சிரித்துக்கொண்டே, "அது உங்கள் சொத்து அம்மா, நறுக்கவும் செய்யலாம், விற்கவும் செய்யலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரவு ஜெபமாலை சொல்லும்போதுதான், பாதி கேள்விக்குத்தான் பதில் சொன்னேன் என்று உறைத்தது. மறுநாள் ஆள் அனுப்பி அவரை வரச்சொன்னேன்.

சங்கதி இதுதான். அவருடைய கணவர் கப்பலில் வேலை பார்த்தவர். பல ஆண்டுகளுக்கு முன் ஜப்பான் தேசத்து ஒசாக்கா துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, பக்கத்திலுள்ள சக்காய் என்ற ஊரில் செய்த ஒரு கத்தியை மனைவிக்கென்று வாங்கிவந்தார். 'நகிரி' என்று அதற்குப் பெயர். கீரை அரிவது என்று அந்த மொழியில் பொருளாம். முனையில்லாமல் நீள்சதுரமாக, கையகலம் இருக்கும். மெல்லிய மரப்பெட்டிக்குள் வைத்திருந்தது. அலகின்மேல் அதை அடித்த கொல்லர் தம் பெயரை உளியால் வெட்டியிருந்தார்.

அந்த அம்மாள் அதை ஒருநாளும் உபயோகிக்கவில்லை. உபயோகிக்கத் தெரியாமலுமல்ல, மனமில்லாமலுமல்ல. நம் வீட்டுப் பெண்களுக்கு அரிவாள்மணையில் உட்கார்ந்து அரிந்துதான் பழக்கம். நம் அரிவாள்மணையில் அலகு நிற்கும், காய் நகரும். கத்தியிலோ காய் கிடக்கும், அலகு நடக்கும். அதுவும் ஒரு காரணம். மெய்யான காரணம் வேறு. "இவ்வளவு அழகான சாமானை வெங்காயத்துக்கு எடுப்பதா? ஒரு நல்ல நாள் வரட்டும்" என்று வைத்துவிட்டார். கணவர் விடுமுறையில் வரும்போதெல்லாம், "அந்தக் கத்தியை இன்னுமா எடுக்கவில்லை? அதில் நறுக்கி ஒருநாள் கூட்டு வை" என்பாராம். இவரும் நல்ல நாள் வரட்டும் என்பாராம். நாலு வருஷத்துக்கு முன் அவர் திடீரென்று சர்வேசுரனிடம் போய்ச் சேர்ந்தார். நல்ல நாள் வரவேயில்லை.

நிற்க. மகள் செவிலியர் படிப்புப் படிக்கிறாள். அதற்காக இந்த அம்மாள் பெண்கள் சுயஉதவிக் குழுவில் கடன் எடுத்திருக்கிறார். இன்னும் 20,000 ரூபாய் பாக்கி. மாதக் கடைசிக்குள் கட்டியாகவேண்டும். மகன் அந்தக் கத்தியைப் படம் பிடித்துக் கைப்பேசி வழியாய் நாலு இடத்துக்கு அனுப்ப, பெங்களூரில் இப்படிப்பட்ட கத்திகளைச் சேர்த்துவைக்கிற ஒரு மனிதர், அது தமக்கு வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதை அடித்த கொல்லர் இறந்துபோனாராம். இனி அந்தக் கையிலிருந்து இன்னொன்று வரப்போவதில்லையாகையால் அவ்வளவு மதிப்பு. ஒருமுறைகூட உபயோகிக்காதது என்றால் 26,000 ரூபாய், உபயோகித்தது என்றால் 18,000 ரூபாய் என்று அவர் விலை சொன்னார்.

இப்போது அந்த அம்மாளின் மனதில் ஒரு ஆசை. விற்றுத்தான் ஆகவேண்டும், ஆனால் விற்பதற்குமுன் ஒரே ஒரு நாள், கணவர் கேட்டபடி அதில் காய் நறுக்கிக் கூட்டு வைத்துவிட வேண்டும். மகன் சொன்னான்: "அதற்கென்ன அம்மா, நறுக்கிவிட்டு நன்றாகக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டால் எவனுக்குத் தெரியும்? புதிது என்றே கொடுத்துவிடலாம்." தாய்க்கு அது உறுத்தியது. உபயோகிப்பது பாவமா, உபயோகித்துவிட்டுச் சொல்லாமல் விற்பது பாவமா, 8,000 ரூபாயை ஒரு ஆசைக்காக இழப்பது பாவமா? பிரியமானவர்களே, இவை மூன்று வெவ்வேறு கேள்விகள். முதல்நாள் நான் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

தர்மம் பேசுமுன் கொல்லுப்பட்டறைச் சமாசாரம் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது. எவனுக்குத் தெரியும் என்று அந்தப் பிள்ளை கேட்டானே, அதற்கு இரும்பே பதில் சொல்லும்.

நம் அடுப்படியிலுள்ள எவர்சில்வர் கத்தி துருப்பிடியாது. அதில் பத்து சதவீதத்துக்கு மேல் குரோமியம் என்ற உலோகம் கலந்திருக்கிறது. இந்த நகிரியோ பழைய வழியில் செய்தது. நடுவில் கடினமான எஃகு. இரண்டு புறமும் மெல்லிரும்பு வைத்து உலையில் ஒட்டி அடித்தது. அந்த எஃகில் சுமார் ஒரு சதவீதமோ சற்று அதிகமோ கரி சேர்ந்திருக்கும். அதனால்தான் அவ்வளவு கூர்மையும், அந்தக் கூர்மை வெகுநாள் நிற்பதும். அதே காரணத்தால் அது ரோஷக்காரன். புது அலகில் ஒரு வெங்காயத்தை நறுக்கிப் பாருங்கள்: கொஞ்ச நேரத்தில் அலகு சாம்பல் நிறமாகவோ நீலமாகவோ படர்ந்துவிடும், வெங்காயமும் கருக்கும், இரும்பு வாடை அடிக்கும். தக்காளியும் எலுமிச்சையும் அப்படியே. இதைக் கறை என்று நினைப்போம். உபயோகிக்கிறவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். பலநாள் படிந்த அந்த நீலப் படலம் சிவந்த துருவை ஓரளவு தடுக்கும். ஆனால் சேர்த்துவைக்கிறவன் கண்ணுக்கு அந்தப் படலம் ஒரு முத்திரை மாதிரி: இது அடுப்படி பார்த்த கத்தி. தேய்த்து எடுத்துவிடலாம் என்றால், தேய்த்த தடம் அலகில் விழும். சக்காய் ஊரில் அடிக்கிறவர் ஒருவர், சாணை பிடிக்கிறவர் வேறொருவர், பிடி போடுகிறவர் இன்னொருவர் என்று தொழில் பிரிந்திருக்கிறது. சாணைக்காரர் விட்ட மெல்லிய கோடுகளை நாம் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டுத் திரும்ப வரவழைக்க முடியுமா?

கறிக்காரர்களுக்கும் மீன்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இது மரக்கறிக்கு மாத்திரம் ஆன கத்தி. மீன்முள்ளிலோ ஆட்டெலும்பிலோ ஓங்கிப் போட்டால் மெல்லிய விளிம்பு சில்லு சில்லாய்த் தெறிக்கும். கடினமான எஃகு வளையாது, உடையும். கடற்கரை ஊரில் இதை எழுதாமல் விட்டால் என்னைக் குறை சொல்லுவார்கள்.

உப்புக்காற்று வீசுகிற நம் ஊரில் அது இத்தனை வருஷம் துருவில்லாமல் இருந்தது எப்படி என்று கேட்டேன். மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்து, தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெயை ஒரு துளி பூசி வைப்பாராம். நல்ல யோசனைதான். தேங்காயெண்ணெய் பூசியிருந்தால் நாளடைவில் சிக்குப்பிடித்துக் காறியிருக்கும். தோல் உறையில் வைத்திருந்தால் தோல் ஈரத்தை இழுத்து அலகை அரித்திருக்கும். பாருங்கள், உபயோகியாமல் வைத்திருந்தாலும் ஒரு பொருள் நம் உழைப்பைக் கேட்கத்தான் கேட்கிறது. பூச்சியும் துருவும் அழிக்கிற இடத்தில் பொக்கிஷம் சேர்க்கவேண்டாமென்று மலைப் பிரசங்கத்தில் நம் ஆண்டவர் சொன்னபோது, இப்படி மாதம் ஒரு முறை எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கூட்டத்திலும் இருந்திருப்பார்கள்.

இனி முதல் கேள்வி: உபயோகிப்பது பாவமா? இல்லவே இல்லை. காய் நறுக்கவே செய்த பொருள் அது. வாங்கிக் கொடுத்தவரும் அதற்காகவே கொடுத்தார்.

வேத ஆகமத்தில் இதற்கு நேரான ஒரு சம்பவம் இருக்கிறது. சாமுவேலின் முதல் புத்தகத்தில் (அரசராகமம் முதற் புத்தகம் என்று நம் முன்னோர் சொல்லிவந்தது) 21-ம் அதிகாரத்தைப் பாருங்கள். சவுலுக்குத் தப்பி ஓடுகிற தாவீது நோபே என்னும் ஊரில் அக்கிமெலேக் என்ற குருவிடம் வந்து, ஈட்டியோ வாளோ இருக்கிறதா என்று கேட்கிறார். கோலியாத்தின் வாள் துணியில் சுற்றி ஏபோத்துக்குப் பின்னால் வைத்திருப்பதாகக் குரு சொல்லுகிறார். அது எப்பேர்ப்பட்ட நினைவுப்பொருள்! இஸ்ராயேல் முழுவதும் அதற்கு நிகரான வாள் கிடையாது. அதைத் தொடக்கூடாது, காட்சிக்கு வைத்தது என்று குரு தடுக்கவில்லை. தாவீதும் வாங்கி ஆணியில் மாட்டுவதற்குக் கேட்கவில்லை. தேவை வந்தது, எடுத்துக்கொண்டு போனார்.

நம் ஞானத்தந்தையாகிய அர்ச். சவேரியாரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் தூத்துக்குடியிலும் மணிகுலுக்கிப் பிள்ளைகளைக் கூட்டிய அவரே, 1549-ம் வருஷம் மோட்சாரோபண மாதா திருநாளன்று ஜப்பானில் கரையிறங்கினார். தலைநகராகிய மியாக்கோவுக்கு, அதாவது இப்போது கியோத்தோ என்கிற ஊருக்கு, கடுங்குளிரில் நடந்துபோகிற வழியில், இந்தக் கத்தி பிறந்த சக்காய் துறைமுகத்தில் அவரும் தங்கிப்போனார். அவருடைய காலத்துக்குப் பின்னர், போர்த்துகேயர் கொண்டுவந்த புகையிலை அந்தத் தேசத்தில் பரவ, புகையிலை அரியும் கத்திகளைச் செய்து பேரெடுத்தது அந்த ஊர். பேரரசருக்கென்று சவேரியாரிடம் உயர்ந்த வெகுமதிகள் இருந்தன. மியாக்கோவில் பேரரசரைக் காணவே முடியவில்லை. அவருக்கு நாட்டில் அதிகாரமும் இல்லை என்று தெரிந்தது. அப்போது சவேரியார் என்ன செய்தார்? அரசனுக்கென்று வைத்ததை அரசனுக்கே கொடுக்கவேண்டும் என்று பெட்டியைப் பூட்டிவைக்கவில்லை. யமகுச்சி ஊரின் அதிபதிக்கு அவற்றைக் கொடுத்து, பதிலுக்கு அவன் கொடுக்க வந்த பொன்னையும் வெள்ளியையும் தள்ளிவிட்டு, சுவிசேஷம் போதிக்க உத்தரவு மட்டும் கேட்டு வாங்கினார்.

நம் வீடுகளில் எத்தனை கண்ணாடி அலமாரிகள்! பீங்கான் தட்டுகளும் பூப்போட்ட கோப்பைகளும் அதற்குள் வரிசையாய் நிற்கும். சுவாமியார் வீடு மந்திரிக்க வந்தால் மாத்திரம் அலமாரி திறக்கும். எனக்கு அந்தக் கோப்பையில் காப்பி. பக்கத்தில் நிற்கிற கிழவிக்கு, அதைச் சீதனமாய்க் கொண்டுவந்த கிழவிக்கு, நெளிந்த எவர்சில்வர் தம்ளரில் காப்பி. எனக்கு அந்தக் காப்பி இறங்குவதேயில்லை. இதைச் சொல்லச் சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்லிவிட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இது பெரிது. நறுக்கிவிட்டுக் கழுவித் துடைத்து, உபயோகிக்காதது என்று சொல்லி 26,000 ரூபாய் வாங்கலாமா?

அப்போஸ்தலர் நடபடி 5-ம் அதிகாரத்தில் வரும் அனனியா, சப்பீரா என்ற தம்பதிகளை நீங்கள் அறிவீர்கள். நிலத்தை விற்று, விலையில் ஒரு பங்கை ஒளித்துவைத்து, முழு விலையும் இதுதான் என்று அப்போஸ்தலர் பாதத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். நாம் அவசரமாய்ப் படிக்கிறபோது, முழுவதையும் கொடாதது அவர்கள் குற்றம் என்று எண்ணிவிடுகிறோம். அர்ச். இராயப்பர் அப்படிச் சொல்லவில்லை. விற்காமல் இருந்தபோது நிலம் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் அதிகாரத்தில்தானே இருந்தது என்றே அவர் கேட்கிறார். வைத்துக்கொண்டிருக்கலாம், விற்றிருக்கலாம், பாதி கொடுத்திருக்கலாம், ஒன்றும் தவறில்லை. இஸ்பிரீத்துசாந்துவுக்கு முன்பாகப் பொய் சொன்னதே அவர்களை வீழ்த்தியது. அந்த நிலத்தின் இடத்தில் இந்தக் கத்தியை வைத்துப் பாருங்கள். விற்கும்வரை அது அந்த அம்மாளின் கையிலுள்ள பொருள்: வெங்காயம் நறுக்கலாம், வாழைத்தண்டு நறுக்கலாம், பரணில் போடலாம். ஒன்றுக்கும் யாரிடமும் கணக்குச் சொல்லத் தேவையில்லை. வாங்குகிறவன், இது உபயோகித்ததா என்று கேட்கிற அந்த நிமிஷத்தில்தான் கணக்கு ஆரம்பமாகிறது.

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் தம்முடைய தேவசாஸ்திரத் தொகையில், இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி 77-ம் கேள்வி முழுவதையும் வாங்கல் விற்றலில் நடக்கிற மோசத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சந்நியாசி. சந்தைக்குப் போய் வந்தவர்போல் எழுதுகிறார். ஒற்றைக்கண் குதிரையை விற்கிறவன், அதன் ஊனம் பார்த்தவுடன் தெரிகிறபடியால், அதற்குத் தக்கபடி விலையைக் குறைத்தால் போதும், வாய்விட்டுச் சொல்லக் கடமையில்லை என்கிறார். மறைவான குறையைத் தெரிந்துகொண்டே சொல்லாமல் விற்று, அதனால் வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ வந்தால் அது மோசம், ஈடுசெய்யக் கடமையுண்டு என்கிறார். கழுவித் துடைத்து எண்ணெய் பூசிய கத்தி எந்த வகை? மறைத்ததே நாம் அல்லவா! தெரிகிற குறையைத் தெரியாத குறையாக்கத்தானே அந்த எண்ணெய்? 8,000 ரூபாய் என்பது அந்த மனிதர் 'உபயோகிக்காதது' என்ற ஒரு வார்த்தைக்காக மாத்திரம் கொடுக்கிற பணம். வார்த்தை பொய்யானால் அந்தப் பணம் களவு. ஏழாம் கற்பனைக்கும் எட்டாம் கற்பனைக்கும் ஒரே அடியில் விரோதம். பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் வலிக்க நின்று என்ன பிரயோசனம்?

'ஆனால் சுவாமி, ஒரு வெங்காயம் நறுக்கினதால் கத்திக்கு என்ன கெட்டுவிட்டது? இரும்பு அதே இரும்புதானே?' என்று கேட்பீர்கள். மகனும் கேட்டான். நியாயமான கேள்விதான். என் கண்ணுக்கும் உங்கள் கண்ணுக்கும் ஒன்றும் கெடவில்லை. கொஞ்சம் நீலம் படிந்த கத்தி இன்னும் நன்றாகவே நறுக்கும். கொல்லர் கைவிட்டபடியே ஒரு பொருள் இருக்கவேண்டும் என்று நினைக்கிறவர்களின் ஆசை எனக்குச் சற்று விளையாட்டாகக்கூடத் தோன்றுகிறது. ஆனால் அவர்களுடைய ஆசையை நான் எடைபோட வேண்டியதில்லை. வெற்றிலைக்கு மதிப்பில்லை என்று நினைக்கிறவன், கவுளியில் நாலு வெற்றிலை குறைத்துக் கொடுக்கலாமா? வாங்குகிறவன் எதை நம்பிக் காசு கொடுக்கிறானோ அதையே கொடுப்பதுதான் நீதி.

இதே 77-ம் கேள்வியில் விற்கிறவர்களுக்கு ஆறுதலான ஒரு சங்கதியும் உண்டு. ஒரு பொருளைப் பிரிவதால் விற்கிறவனுக்குத் தனியான நஷ்டம் உண்டானால், அந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்த்து, பொருளின் மதிப்புக்கு மேலாகவே கேட்கலாம் என்கிறார் அர்ச். தோமாஸ். வாங்குகிறவனுக்கு அதனால் விசேஷ லாபம் வருகிறது என்பதற்காக மாத்திரம் விலையை உயர்த்தக்கூடாது. அந்த லாபம் நம்முடைய சரக்கல்லவே. ஆதலால் அந்த அம்மாள், இது என் கணவர் கொடுத்தது, பிரிய மனமில்லை, இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள் என்று வாய்திறந்து கேட்டிருக்கலாம். சொன்னேன். "அதை விலையில் சேர்க்க எனக்கு இஷ்டமில்லை சுவாமி" என்றுவிட்டார். நானும் மேலே பேசவில்லை.

மூன்றாவது கேள்வியில்தான் நான் தடுமாறினேன். பெத்தானியா ஊரில் சீமோன் வீட்டுப் பந்தியில் ஒரு பெண் விலையேறப்பெற்ற பரிமளத் தைலப் பரணியை உடைத்து நம் ஆண்டவருடைய சிரசின்மேல் ஊற்றினாள். அர்ச். மாற்கு 14-ம் அதிகாரத்தில் எழுதுகிறார். முந்நூறு வெள்ளிக்காசுக்கு மேல் விற்கக்கூடிய தைலம் என்று அங்கிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு காசு ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி என்றால், ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பாத்தியம். விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்ற பேச்சு கேட்க எவ்வளவு நியாயம்! ஆண்டவரோ அவளைத் தொந்தரை செய்யாதேயுங்கள் என்றார். அன்பினால் செய்த செலவைக் காசுக்கணக்கில் வீண் என்று அவர் எழுதவில்லை. கணவர் கேட்ட ஒரு கூட்டுக்காக 8,000 ரூபாய் போனால் போகட்டும் என்று ஒரு மனைவி நினைத்தால், அதைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்னொன்றையும் பாருங்கள்: அந்தப் பெண் உடைந்த பரணியை மெழுகு வைத்து ஒட்டி, நிறைபரணி என்று மறுநாள் சந்தைக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஆனால் அவள் உடைத்தது அவளுடையது. நம் அம்மாளுக்கோ கடன் இருக்கிறது. சுயஉதவிக் குழுவின் நடைமுறை உங்களில் அநேகம் பெண்களுக்கு என்னைவிட நன்றாய்த் தெரியும்: ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து இழுக்கவேண்டும். அடுத்தமுறை குழுவுக்கே கடன் கிடைப்பது சிரமமாகும். 26,000 ரூபாய் வந்தால் பாக்கி தீர்ந்து 6,000 மிச்சம். 18,000 வந்தால் 2,000 துண்டு விழும். அந்த இரண்டாயிரத்தை மீன் விற்கிறவளும் பீடி சுற்றுகிறவளும் தங்கள் பையிலிருந்து எடுத்துவைக்க வேண்டுமென்றால், அப்புறம் அந்தக் கூட்டு யாருடைய செலவில் வைத்த கூட்டு? நீதிக்குரியதைக் கொடுத்துவிட்டுத்தான் அன்புக்குரியதைச் செய்யவேண்டும். இதைத்தான் அந்த அம்மாளிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கு வருத்தமாகவே இருந்தது. நாலு வருஷமாய் மனதில் வைத்திருந்த ஒரு சின்ன ஆசையைக் கடன்கணக்குக் காட்டித் தடுக்கிறேனே என்று.

அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த இரண்டாயிரத்தை மாதக் கடைசிக்குள் நான் மிஷினில் எடுத்துவிட்டால்?" என்றார். பள்ளி திறக்கிற சமயம். சீருடைத் துணிகள் வந்துகொண்டிருக்கின்றன. இரவில் இரண்டுமணி நேரம் அதிகம் உட்கார்ந்தால் முடியும் என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டார். முடியுமானால் உங்கள் மனதுபோல் செய்யுங்கள், ஆனால் நறுக்குமுன் அந்த மனிதரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். ஏனென்றால் உபயோகிக்காத கத்தி என்று அவரிடம் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அச்சாரம் வாங்கவில்லைதான், வாங்கியிருந்தால் அதைத் தொடவே உரிமையில்லை. அச்சாரம் இல்லாவிட்டாலும், அதை நம்பி ஒரு மனிதர் காத்திருக்கும்போது, கத்தி மாறப்போகிறது என்று முன்னாடியே சொல்வதுதான் மரியாதை.

இவ்விடத்தில் அர்ச். ஆசீர்வாதப்பரின் மடத்து ஒழுங்குகள் இரண்டு ஞாபகம் வருகின்றன. 31-ம் அதிகாரத்தில், மடத்தின் சட்டிபானை, கருவிகள் எல்லாவற்றையும் பீடத்துத் திருப்பாத்திரங்களைப்போல் எண்ணவேண்டுமென்று பண்டசாலைக்காரச் சகோதரருக்குக் கட்டளையிடுகிறார். 57-ம் அதிகாரத்தில், மடத்தில் செய்த சாமான்களை விற்கும்போது மோசம் கூடாது, பொருளாசை நுழையாதபடி வெளியார் விலையைவிடச் சற்றுக் குறைத்தே கொடுக்கவேண்டும் என்கிறார். இரண்டும் ஒரே மனிதருடைய வாக்கு. திருப்பாத்திரத்தை நாம் எப்படி மதிக்கிறோம்? தினமும் பீடத்தில் உபயோகிக்கிறோம், தினமும் துடைத்துச் சுத்தம் செய்கிறோம். கண்ணாடி அலமாரிக்காரர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்த அம்மாள் சனிக்கிழமை மகனைக்கொண்டே பெங்களூர்க்காரரோடு பேசவைத்தார். எவனுக்குத் தெரியும் என்று சொன்ன அதே பிள்ளை. அவன் வாயாலேயே அவன் சொல்லட்டும் என்று தாய் நினைத்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. அந்த மனிதர் காரணம் கேட்டிருக்கிறார். மகன் சொன்னான். போனில் சற்று நேரம் சத்தமே இல்லையாம். பிறகு அவர், 18,000 ரூபாய்க்குத் தாம் எடுத்துக்கொள்வதாகவும், சாணைக்கல்லில் மட்டும் வைக்கவேண்டாமென்றும், நறுக்கியவுடனே ஈரம் துடைத்துவிட வேண்டுமென்றும் சொல்லி வைத்துவிட்டார். விலையை உயர்த்தவில்லை. கதைகளில் இப்படிப்பட்ட இடத்தில் பணக்காரர் மனமிளகி முழு விலையும் கொடுப்பார், இவர் கொடுக்கவில்லை. கொடுக்கக் கடமையுமில்லை.

ஞாயிறு பிரதான பூசை அவருடைய கணவரின் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டது. பூசை முடிந்து வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். புடலங்காய், கத்தரிக்காய், பூசணிக்கீற்று. கத்தியைப் பிடித்துப் பழக்கமில்லாததால் முதல் கத்தரிக்காய் கோணல்மாணலாய்ப் போயிற்றாம். அதன்பின் அலகு தன் பாரத்திலேயே இறங்கினதாம். நான் அழுத்தவேயில்லை சுவாமி, தொட்டால் போதும் என்றார். கடைசியில்தான் வெங்காயம். மகள் விடுதியிலிருந்து வந்திருந்தாள். நாலு தட்டு வைத்தார்கள். நாலாவது தட்டு பக்கத்துவீட்டுக் கிழவிக்குப் போயிற்று. எனக்கும் ஒரு கிண்ணத்தில் வந்தது; உப்புக் கொஞ்சம் தூக்கல்.

வெங்காயம் பட்ட இடத்தில் பெருவிரல் அகலத்துக்கு நீலமாய் ஒரு தடம் விழுந்திருந்தது. அந்தத் தடம் நன்றாய்த் தெரியும்படி வெயிலில் பிடித்துப் படம் எடுத்து, அதை முதலில் அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் எண்ணெய் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை பெட்டி பார்சலில் போயிற்று. பணம் வந்துவிட்டது. சென்ற வெள்ளிக்கிழமை இரவு திவ்விய நற்கருணை ஆராதனை முடிந்து நான் அந்தத் தெருவழியாய்த் திரும்பிவந்தபோது மணி பத்தரை, மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஏழு சீருடை பாக்கியிருக்கிறதாம்.